கை படிக்கும் ஆண்டு

இந்தியாவில் கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியிலும், 1985இல் வந்த நாமக்கல் கல்லூரியிலும் இதுவே முறை.

இந்த ஆண்டின் அழகு கையில் இருக்கிறது. மாட்டின் இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்தால் பெருவயிறு புரள்வது தெரியும். நலமான மாட்டில் இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை. சினைப் பரிசோதனை இன்னும் கடினம். தோள்வரை கையுறை மாட்டி, மலக்குடல் வழியாகக் கருப்பையைத் தொட்டறிய வேண்டும். கண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. முதலில் ஒன்றும் பிடிபடாது. பல மாடுகளைப் பார்த்த பிறகே கருப்பைக் கொம்பும் சூலகமும் விரல்நுனிக்குத் தனித்தனியே புலப்படும். எந்தப் பாடநூலாலும் தர முடியாத அறிவு இது.

ஆட்டிலும் கைதான் வழிகாட்டி. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. குளிர்மலைக்கு ஏற்ற இந்த இனத்தில் அடர்ந்த கம்பளி மெலிவை மறைத்துவிடும். இடுப்பருகே முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்தே ஆட்டின் உடல்நிலையை மதிப்பிட வேண்டும். கீழிமையை விலக்கும்போது உட்சவ்வு வெளுத்திருந்தால், ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பயிற்சி முடித்துப் பட்டம் பெற்றவர், மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகே தனியாக மருத்துவம் பார்க்கலாம்.