கோடு கிழிக்காத நிரூபணம்

இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதைச் சாதிக்க மார்க்கங்கள் பல உண்டெனினும், 4-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் விளங்கிய பாப்பஸ் காட்டிய வழியைப்போல மனத்துக்கு இதமளிப்பது பிறிதொன்றில்லை என்பதே என் அபிப்பிராயம். யூக்ளிட் தமது முதற் புத்தகத்தின் 5-ஆவது தேற்றத்தில் சமபக்கங்களை அடிக்குக் கீழே நீட்டி, சமதூரத்தில் புள்ளிகள் குறித்து, குறுக்கே கோடுகள் இழுத்து, ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடக்கும் இரண்டு ஜோடி முக்கோணங்களைச் சர்வசமமென்று காட்டிய பின்னரே முடிவுக்கு வருகிறார். பாப்பஸோ ஒரு கோடும் கிழிப்பதில்லை. ஏபி ஏசிக்குச் சமம், ஏசி ஏபிக்குச் சமம், உச்சிக்கோணம் பொது, ஆகவே முக்கோணம் ஏபிசி, முக்கோணம் ஏசிபிக்குச் சர்வசமம். இருப்பது ஒரே முக்கோணந்தான். பெயரைத் திருப்பி வாசித்த மாத்திரத்தில் அது தனக்குத்தானே ஜோடியாகிவிடுகிறது! இது ஜாலமென்று சந்தேகிப்பவரை நான் கேட்பதெல்லாம், பக்கம்-கோணம்-பக்கம் என்னும் விதியில் முக்கோணங்கள் வெவ்வேறாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை எங்கே இருக்கிறது என்பதுதான்.

உச்சிக்கோணத்தை இருசமக் கூறிடும் வழியே எளிதென்று கூறும் நண்பர்கள் எனக்குண்டு. எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் யூக்ளிடின் கிரமத்தில் கோணத்தை இருசமக் கூறிடும் 9-ஆவது தேற்றம் 8-ஆவதையும், அது 7-ஆவதையும், அது இந்த 5-ஆவதையுமே பற்றி நிற்பதால், அந்த வரிசையில் அக்கோட்டை வரைவது, தீர்க்க வேண்டிய கடனையே ஈடாகக் காட்டி மேலும் கடன் கேட்பதாகும். காகிதத்தை வெட்டித் திருப்பி வைத்துப் பார்த்தால் போதாதா என்பாருக்கோ, 1899-இல் கணித அறிஞர் ஹில்பர்ட் அந்த மேற்பொருத்தத்தில் நம்பிக்கை வையாமல் பக்கம்-கோணம்-பக்க விதியின் சாரத்தை மூலக்கொள்கையாகவே ஏற்றுக்கொண்டதை நினைவூட்டினால் போதும்.

இந்த நிரூபணத்தின் ஜீவன் முழுவதும் எழுத்துக்களின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. ஒத்த உச்சி ஒத்த இடத்தில் வராவிட்டால் விடை முழுவதையும் அடித்துவிடும் உபாத்தியாயர் ஒருவரிடம் பயின்றவன் ஆதலால், சர்வசமக் குறியின் இருபுறமும் எழுத்துக்களை மனம்போனபடி நிறுத்தி, அதற்கும் முழு மதிப்பெண் பெற்று வரும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இன்னொரு விசித்திரம்: தரவு, சாதிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்ற தலைப்புகளுள், ‘அமைப்பு’ என்பதற்கெதிரே ‘தேவையில்லை’ என்று ஒரு மாணவன் எழுதிவிட்டால், அதற்கென ஒதுக்கிய மதிப்பெண்ணைக் குறைத்துவிடும் பரீட்சகர்களும் இருக்கிறார்கள்.