அடைப்புக்குறிக்குள் ஒரு காரணம்

கணினிக் கிளஸ்டரில் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓடவிடும் ஸ்கெட்யூலரான ஸ்லர்மில், வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளையின் எட்டுப் பத்திகளில் எனக்குப் பிடித்தது கடைசிப் பத்தி. ஜாப் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே நோடுகளின் பெயர் இருக்கும். காத்திருந்தால் அதே இடத்தில், அடைப்புக்குறிக்குள், ஏன் காத்திருக்கிறது என்ற காரணம் இருக்கும். ஓடுகிற ஜாபுக்குக் காரணம் வேண்டாம், நிற்கிற ஜாபுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பத்தி போதும் என்று யோசித்தவருக்கு நல்ல ரசனை.

அந்தக் காரணத்தைப் படிப்பதிலும் ஒரு தேர்ச்சி இருக்கிறது. ‘ப்ரையாரிட்டி’ என்று வந்தால் நமக்கு முன்னால் இன்னும் ஆள் நிற்கிறார்கள். ‘ரிசோர்சஸ்’ என்று வந்தால் நம் முறை வந்துவிட்டது, இயந்திரம் காலியாவதுதான் பாக்கி. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ‘இன்னும் ஓடவில்லை’. எனக்கோ, முதலாவது இரண்டாவதாக மாறியிருப்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்த நிம்மதி. ‘ஜாப்ஹெல்ட்யூசர்’ என்றால் நாமே நிறுத்தி வைத்தது, எஸ்கண்ட்ரோல் ரிலீஸ் போட்டு நாமே விடுவிக்கலாம். ‘ஜாப்ஹெல்ட்அட்மின்’ என்றால் நிர்வாகியிடம் போய்த்தான் ஆகவேண்டும். எல்லாவற்றிலும் சோகமானது ‘டிபென்டன்சிநெவர்சாட்டிஸ்ஃபைட்’. முன்னது வெற்றியாக முடிந்தால்தான் பின்னது ஓடவேண்டும் என்று, ஆஃப்டர்ஓகே போட்டு நம்பிச் சங்கிலி கோர்த்த முதல் ஜாப் தோற்றுப்போயிருக்கும். பின்னால் நிற்பதற்கு இனி முறையே வராது. அப்படிப்பட்டவற்றைத் தானாக நீக்கும்படி அமைக்காத கிளஸ்டரில், யாராவது எஸ்கேன்சல் போட்டு ரத்து செய்யும்வரை அது வரிசையிலேயே கிடக்கும்.

பிபிஎஸ் என்ற இன்னொரு ஸ்கெட்யூலரில் வளர்ந்த மூத்தவர்கள் காரணம் காட்டும் இந்த அருமையை ஒத்துக்கொள்வதில்லை. 1990களில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் வளர்ந்த அந்தப் பரம்பரைக்கு அதன் க்யூஸ்டாட் கட்டளை நிலையைக் காட்டும் ஒற்றை எழுத்தே போதும். காரணம் வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு எழுத்து சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கேட்டால் சொல்வதும் கேட்காமலே சொல்வதும் ஒன்றல்ல என்பது என் பக்கம். லிவர்மோர் ஆய்வகத்தில் ஸ்லர்மைத் தொடங்கியவர்கள் காத்திருப்பவனின் மனசை அறிந்தவர்கள்.

உலாவியில் பொத்தான் அழுத்தி ஜாப் அனுப்புகிற ஓப்பன் ஆன்டிமாண்ட் வகையறாவையும் நான் குறை சொல்லமாட்டேன். ஜூபிட்டர் நோட்புக் திறக்க அது சௌகரியம். ஆனால் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஜாப்களில், காத்திருப்பவற்றை மட்டும் கலைத்துவிட்டு ஓடுபவற்றைத் தொடாமல் விடவேண்டும் என்றால்? எஸ்கேன்சலில் பெயர் ஒன்று, நிலை ஒன்று, ஒரே வரி. 500 பணிகளை அர்ரேயாக, அதாவது ஒரே தொகுப்பாக, அனுப்பும்போது கடைசியில் ஒரு சதவீதக் குறியும் 20உம் சேர்த்தால், ஒரே நேரத்தில் 20தான் ஓடும், மற்றவர்களுக்கும் இடம் இருக்கும். பாதியில் மனம் மாறினால், அர்ரேடாஸ்க்த்ராட்டில் என்ற அந்த வரம்பை எஸ்கண்ட்ரோலில் கூட்டலாம், குறைக்கலாம். டெர்மினலில் இத்தனை மரியாதையாக நடந்துகொள்ள முடியும்.

அந்த மரியாதைதான் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. நொடிக்கொருதரம் எஸ்க்யூவை லூப்பில் ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பும் ஸ்லர்மின் மைய நிரலான ஸ்லர்ம்கன்ட்ரோல்டீயின் கதவைத் தட்டுகிறது, லூப்பில் போடாதீர்கள் என்று மேன் பக்கமே கெஞ்சுகிறது. அதைவிட மோசம் நேர வரம்பு. இரண்டு மணி நேர வேலைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று பார்ட்டிஷனின் உச்ச வரம்பைக் கேட்பது. பேக்ஃபில் வேலை செய்வதே அந்த எண்ணை நம்பித்தான்: பெரிய ஜாப் தொடங்கும் நேரம் தள்ளிப்போகாதபடி, இடைவெளியில் சின்ன ஜாபை நுழைக்கவேண்டும். நாம் மூன்று நாள் என்று எழுதினால் அந்த இடைவெளியில் நமக்கு இடமில்லை. எஸ்க்யூ ஸ்டார்ட் காட்டும் உத்தேச நேரமும் எல்லோருக்கும் பிசகுகிறது.

எனக்கு ஸ்லர்மைப் பழக்கிய சீனியர் ஒருவர், புது ஸ்கிரிப்ட் எழுதுமுன் எஸ்அக்கவுண்ட்டில் பழைய ஓட்டங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை, அதாவது எலாப்ஸ்ட் பத்தியை, பார்ப்பார். அதோடு கால் பங்கு கூட்டி வரம்பு வைப்பார். செக்பாயிண்ட் உள்ள புரோகிராம் என்றால் டைம்-மின்னும் சேர்ப்பார்: சீக்கிரம் தொடங்க முடியுமென்றால் என் நேரத்தை இந்த அளவுவரை குறைத்துக்கொள் என்று ஸ்கெட்யூலருக்கு அனுமதி கொடுப்பது அது. இப்போது என் கண்ணில் படுகிற ஸ்கிரிப்ட்களில் அந்த வரியைக் காண்பதே அபூர்வம்.