பஞ்சாரமும் பிரிட்ஜும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய மாகறலீசர் கோயில்தான் வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம். வயலும் வைக்கோல் போரும் தறியுமாக இருக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில் நாலைந்து கோழி வளர்ப்பதும், விருந்தாளி வந்தால் ஒன்றைப் பிடித்து அறுப்பதும் இன்னும் நின்றுவிடவில்லை. கடைக் கறியைவிட வீட்டுக் கோழி உடம்புக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கு உண்டு. கோழியின் மேல் உள்ளதைவிட, அறுத்தபின் நடப்பவற்றின் மேல் அதிகம்.

'ஊசி போடாத கோழி' என்பதைத்தான் வீட்டுக் கோழியின் பெருமையாக முதலில் சொல்வார்கள். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது வெறும் வதந்தி. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆன்டிபயாடிக் விஷயம் வேறு, அது நிஜமான கவலை. கோலிஸ்டின் மருந்தைக் கோழி வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு 2019இல் தடை போட்டது காரணமில்லாமல் அல்ல. ஆனால் சாக்கடையோரம் கிளறித் தின்னும் நாட்டுக்கோழிக்கும் குடற்புழு உண்டு, சால்மோனெல்லா கிருமியும் வரும். மேய்ந்து வளர்ந்தது என்பதாலேயே ஒரு கோழி சுத்தமாகிவிடாது.

வீட்டில் அறுக்கும் வழக்கத்தின் பலம் நேரத்தில் இருக்கிறது. கத்திக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். சிறுவிடைக் கோழி ஒன்றைச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கறி தேறும். குடும்பத்துக்கு ஒரு வேளைக்குச் சரி, எடுத்து வைக்க மிஞ்சாது. மற்றவை பஞ்சாரக் கூடைக்குள் உயிரோடு இருக்கும். புரட்டாசி முழுக்கக் கறி தொடாத வீட்டிலும் அந்தச் சேமிப்பு கெட்டுப்போவதில்லை. கரண்டும் வேண்டாம்.

செய்நேர்த்தியிலும் யோசனை உண்டு. முந்தின நாள் பொழுது சாயப் பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழியை விடிந்ததும் அறுத்தால் தீனிப்பை காலியாக இருக்கும். குடல் கிழிந்தாலும் கறியில் அசிங்கம் அதிகம் ஒழுகாது. பெரிய அறுப்புக்கூடங்களில் 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துவது இதற்காகத்தான். மத்தியானம் திடுமென வந்து நிற்கும் மாப்பிள்ளைக்காக, மேய்ந்துகொண்டிருப்பதைத் துரத்திப் பிடித்து அறுக்கும்போது இந்த நன்மை போய்விடும்.

ரத்தம் வடிந்ததும் வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவார்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் வெந்து பிய்யும். 60 பாகையை ஒட்டிய, கை பொறுக்காத சூடு போதும். பிறகு மஞ்சள் பூசி வைக்கோல் தீயில் வாட்டல். பூமயிர் கருகி, தோல் இறுகி, கொழுப்பு லேசாக உருகும்போது ஒரு வாசனை எழும்பும். கடையில் தோலை உரித்துத் தள்ளிவிட்டுத் தரும் கறிக்கு அது வராது. தறி உள்ள வீடுகளில் இந்த வேலை புழக்கடையோடு சரி, பட்டில் மஞ்சளோ புகையோ ஏறினால் கூலிக்குக் கேடு. வால்நுனி எண்ணெய்ச் சுரப்பியை அரிந்து எறிய வேண்டும். ஈரலில் ஒட்டிய பச்சைப் பித்தப்பையை உடையாமல் நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். உடைந்தால் ஈரலே கசந்துவிடும். முட்டையிடும் பருவமாக இருந்தால் உள்ளே கொத்தாகத் தொங்கும் மஞ்சள் கருக்கள் பிள்ளைகளுக்கு.

இனி குறைகள். மஞ்சள் பூசினால் கிருமி போய்விடும் என்ற நம்பிக்கை முதலாவது. வாடை குறையும், நிறம் வரும்; மேலே தடவிய மஞ்சள் பத்து நிமிடத்தில் சால்மோனெல்லாவைக் கொன்றுவிடாது. கொல்வது கொதி. குழம்பு அதை ஒழுங்காகச் செய்துவிடுகிறது, அதனால்தான் இத்தனை காலம் தப்பித்தோம். ஆபத்து பக்கத்துத் தட்டில் இருக்கிறது. பச்சைக் கறி நறுக்கிய அதே அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோம். அந்த வெங்காயம் அடுப்பேறுவதே இல்லை. கறியைக் குழாயடியில் மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர் என்று கழுவும்போது தெறிப்பதும் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் பாத்திரங்கள் மேல்தான்.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. அறுத்த சிறிது நேரத்தில் கறி விறைக்கத் தொடங்கி, சில மணி நேரம் கழித்தே தளரும். நாம் அடுப்பேற்றுவது பெரும்பாலும் அந்த விறைப்பில். ஆறேழு விசில் விட்டும் மெல்ல முடியாமல் இருந்தால் கோழிக்கு வயசாகிவிட்டது என்று பழி போடுகிறோம், பப்பாளிக்காய்த் துண்டு போட்டுச் சமாளிக்கிறோம். வயசும் காரணம்தான், அது மட்டும் அல்ல. இங்கேதான் பிரிட்ஜ் உதவியிருக்க வேண்டும்: மூடிய பாத்திரத்தில், 4 பாகையில், ஒரு ராத்திரி கீழ்த்தட்டில் வைத்தால் போதும்.

நாம் பிரிட்ஜை வாங்கியது வேறு வேலைக்கு. பொங்கல் லீவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று மூன்று நான்கு சேவலை ஒரே நாளில் அறுத்து, சூடு ஆறாத கறியைக் கேரி பேக்கில் மொத்தமாகக் கட்டி மேல்பெட்டியில் திணிக்கிறோம். விறைப்பு இறங்குமுன் உறைந்த கறி, இளகும்போது இன்னும் சுருங்கி இறுகும். ஒற்றைக் கதவுப் பெட்டியில், அடிக்கடி திறக்கும் வீட்டில், கரண்ட் போய் வரும் ஊரில், -18 பாகை நிலையாக நிற்பது அரிது. பிறகு அந்தக் கட்டியைக் காலையில் சிங்கில் போட்டுவிட்டு மத்தியானம் வரை இளக விடுகிறோம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே கிருமி பெருகும் என்பது சமையல் தொழிலின் பாலபாடம். உடனே தின்பதற்கென்று ஏற்பட்ட கைப்பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் சேமிக்கப் பார்க்கிறோம். உப்புக்கண்டம் போட்டவர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. சேமிப்பு என்றால் உப்பு, வெயில், காற்று என்று தனி ஒழுங்கே வைத்திருந்தார்கள். அதுவும் ஆட்டுக்கறியில்தான் அதிகம். கோழிக் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும்.

மிக மோசமான வழக்கம் இன்னொன்று. வெள்ளைக்கழிச்சல் பரவும்போது, தூங்கி விழும் கோழியைச் 'சாவதற்குள் அறுத்துவிடு' என்பது. காசு வீணாகக் கூடாது என்ற தவிப்பு புரிகிறது. வெள்ளைக்கழிச்சல் மனிதரை அதிகம் வாட்டுவதில்லை. ஆனால் அதையும் பறவைக் காய்ச்சலையும் புழக்கடையில் நின்று கண்ணால் பிரித்தறிய முடியாது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் தொடங்கி அந்தக் காய்ச்சல் இந்தியாவில் பலமுறை தலைகாட்டிவிட்டது. சமைத்துத் தின்பவரைவிட, அறுத்து இறகு பிடுங்கும் கைக்குத்தான் ஆபத்து அதிகம். குடலையும் இறகையும் குப்பைமேட்டில் வீசினால் அடுத்த வீட்டுப் பஞ்சாரமும் காலி. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமுக்கு இரண்டு கோழியைத் தூக்கிக்கொண்டு போக அலுத்துக்கொள்கிற நாம்தான் இந்த நஷ்டத்துக்கு அழுகிறோம்.

இவ்வளவு சொன்னாலும் வீட்டில் அறுப்பதை விடச் சொல்ல மாட்டேன். பஞ்சாரத்தில் நிற்கட்டும், தேவைக்கு ஒன்று அறுபடட்டும். மிஞ்சுவது கறியாக இல்லாமல் குழம்பாக மிஞ்சட்டும். ஆனால் ஆழமான மண்சட்டியில் நிறையக் குழம்பு ஆற நெடுநேரம் பிடிக்கும். கொதிக்குத் தப்பும் சில கிருமிகளுக்கு அந்த வெதுவெதுப்பு போதும். காலை இட்லிக்கு என்று அடுப்பிலேயே விட்டுவைக்கும் குழம்பைச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற்றி, படுக்கப் போகுமுன் பிரிட்ஜில் வைத்து, காலையில் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.