‘தைரியமா இருங்க’ என்று சொல்லாத இடம்

ஆட்ரி லார்டின் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ (1980) மெலிந்த புத்தகம். 1978இல் மார்பகம் அகற்றப்பட்டபோது எழுதிய நாட்குறிப்புகளும், அவற்றை ஒட்டிய கட்டுரைகளும். அதில் ஒரு காட்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஒரு தன்னார்வலர் வருகிறார். அவரும் இதே நோயைத் தாண்டியவர், கனிவானவர். கையில் ஆட்டு ரோமத்தை அடைத்துச் செய்த பொய் மார்பகம், வெளிர் இளஞ்சிவப்பில். கறுப்பினப் பெண்ணான லார்டின் தோலுக்கு அந்த நிறம் ஒட்டவே இல்லை. பிறகு மருத்துவரைப் பார்க்க அது இல்லாமல் போகிறார். இப்படி வந்தால் இங்கிருப்பவர்களின் மனம் தளர்ந்துவிடும் என்கிறார் நர்ஸ்.

‘எல்லாம் பழையபடி ஆயிடும்’ என்ற ஆறுதல்தான் வாயை அடைக்கிறது என்பது லார்டின் வாதம். மறைத்துக்கொண்டால் ஒரே நோய் கண்ட பெண்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் காண்பார்கள்?

இந்தக் கேள்வியை மருத்துவமும் வேறு வழியில் தொட்டது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் குழுவினர், நோய் பரவிய 86 பெண்களை ஆராய்ந்தார்கள். 50 பேர் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் கூடி வலி, பயம், மரணம் எல்லாவற்றையும் பேசினார்கள். 1989இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2001இல் கனடாவில் பமீலா குட்வின் 235 பெண்களிடம் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே திரும்பச் செய்த ஆய்விலும் மொத்தத்தில் கூடவில்லை.

அப்போ குழு தோற்றுவிட்டதா? ஆயுளை வைத்து அளந்ததில்தான் கோளாறு. பேசினால் பிழைக்கலாம் என்றால், செத்தவள் சரியாகப் பேசவில்லை என்றாகிவிடும். மகிழ்ச்சியானவர்களுக்குப் புற்றுநோய் வராது என்று எழுதிய ஒரு மருத்துவரை லார்ட் சாடுவது இதற்காகத்தான்.

அதே சமயம் லார்டோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. தேர்வு அவரவர் உரிமை என்று ஒப்புக்கொண்டாலும், பொய் மார்பகம் வைப்பவளை ஒளிந்துகொள்பவளாகவே அவர் உரைநடை காட்டுகிறது. குட்வினின் ஆய்வு இங்கே நிதானம் தருகிறது: குழுவால் மனமும் வலியும் லேசானது, தொடக்கத்திலேயே அதிகம் தவித்தவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. எல்லாரும் பேசியே தீரணும் என்பதும் இன்னொரு கட்டளைதான்.

தவிப்பவளுக்கு, சிரிக்கச் சொல்லாத நாலு பேர் நடுவே ஒரு நாற்காலி வேண்டும். அதற்கு ஆயுள் கணக்கு காட்ட வேண்டியதில்லை.