கோம் எழுத்து தமிழ் எழுத்தா?

படிவம் ஐந்து மாணவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வரி இது: "தாய்லாந்துப் புத்த நூல்கள் தமிழ் எழுத்தில் உள்ளன." படிக்கப் பெருமையாகத்தான் இருக்கு. நானும் முன்பு வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது தவறு.

அவர்கள் குறிப்பிடுவது கோம் எழுத்து. 'கோம்' என்றால் கெமர். தாய்லாந்தில் பாலி மொழிப் புத்த நூல்களை ஓலையில் எழுத இது பயன்பட்டது. யந்திரப் பச்சை குத்தல்களில் இன்றும் பார்க்கலாம். கெமர் எழுத்தின் மூலம், பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்து. இதுவரை சரி.

சறுக்கல் எங்கே? பல்லவர் எழுத்து என்றாலே தமிழ் எழுத்து என்று நினைப்பதில்தான். தமிழில் 'க'வுக்கு ஒரே எழுத்து. பாலியில் அந்த இடத்தில் நான்கு ஒலிகள். ச, ட, த, ப வரிசைகளிலும் அப்படியே. நம் 18 மெய்களை வைத்து அதை எப்படி எழுதுவது? கடல் கடந்து போனது வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த வகை. அது தமிழ் எழுத்துக்கு உறவு. இரண்டுக்கும் மூதாதை பிராமி.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1834இல் செபராங் பிறை வட்டாரத்தில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தர் கல்வெட்டில் தூபி உருவம் இருக்கு, தென்னிந்திய எழுத்து இருக்கு, மொழியோ சமஸ்கிருதம்.

மாணவர்களே, இப்படி எழுதுங்கள்: "கோம் எழுத்தின் வேர் பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்து." பெருமை குறையாது. ஒரு வரி பொய்யென்று தெரிந்தால், அடுத்த உண்மையையும் யாரும் நம்ப மாட்டாங்க.