பழைய பிக்கப் டிரக்கின் பெட்ரோல் பம்ப்: 12 வோல்ட் சோதனையின் நிறைகுறைகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரிய பிக்கப் டிரக்குகளில் கார்புரேட்டர் போய் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வந்தது 1987ஆம் ஆண்டு மாடலில். 1995 வரை நீடித்த அந்த அமைப்பில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை விட்டு விலகி டேங்குக்குள் இடம்பிடித்தது. அது தர வேண்டிய அழுத்தம் 9 முதல் 13 பிஎஸ்ஐ வரைதான். அமெரிக்காவில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் இந்த செவ்ரோலே, ஜிஎம்சி வண்டிகளில் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் பெரும்பாலோர் செய்வது ஒரே சோதனை. டேங்கின் மேலிருக்கும் கனெக்டரைக் கழற்றுவார்கள். சாம்பல் நிற வயரில் மல்டிமீட்டரை வைப்பார்கள். சாவியைத் திருப்பச் சொல்வார்கள். 12 வோல்ட் காட்டினால் பம்ப் செத்துவிட்டது என்று தீர்ப்பு; காட்டாவிட்டால் பம்ப் தப்பித்தது, வயரிங்கைத் தேட வேண்டும்.

இந்தச் சோதனை இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. வேண்டியது ஒரு மலிவான மீட்டரும் இன்னொரு ஆளும்தான். வோல்ட் அறவே இல்லையென்றால் அது சொல்லும் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்: ஃபியூஸ், ரிலே, கம்ப்யூட்டர், அறுந்த வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. நல்ல பம்ப்பை வீணாக மாற்றுவதிலிருந்து அது காப்பாற்றுகிறது. நீள உடல் கொண்ட வண்டியில் 34 கேலன் டேங்க் இருப்பதுண்டு. நிரம்பியிருந்தால் பெட்ரோல் மட்டுமே 90 கிலோவுக்கு மேல். அதை இறக்குவதோ, துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றிப் பின்பெட்டியைத் தூக்குவதோ யாருக்கும் பிடித்த வேலை அல்ல.

ஆனால் சோதிப்பவர் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் கம்ப்யூட்டர் ரிலேயை ஏறத்தாழ 2 விநாடி மட்டுமே இயக்கும். எஞ்சின் சுற்றுவதற்கான துடிப்பு டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வராவிட்டால் நிறுத்திவிடும். மறுபடி அந்த 2 விநாடி கிடைக்க, சாவியை அணைத்துப் பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். பொறுமையின்றி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்கு முதல் முறைக்குப் பிறகு மீட்டர் பூஜ்யமே காட்டும். இக்னிஷன் மாட்யூல் கெட்டுத் துடிப்பே வராத வண்டியிலும் இதே கதைதான். பழி வயரிங்கின் மேல் விழும். ஸ்பார்க் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

சோதனையின் பெருங்குறை வோல்ட் இருக்கும்போதுதான் வெளிப்படுகிறது. கனெக்டரைக் கழற்றியதும் சுற்று திறந்துவிடுகிறது, கரண்ட் ஓடுவதில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை சுமார் ஒரு கோடி ஓம். துருப்பிடித்த இணைப்பொன்றில் 1 ஓம் தடை சேர்ந்திருந்தால், மீட்டர் வழியே ஓடும் அற்பக் கரண்டில் அந்த இடத்தில் இழப்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. தடை 1000 ஓமாக இருந்தாலும் திரையில் 12 தான் தெரியும். அதே வயரில் 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப்பை மாட்டினால் நிலைமை வேறு. 1 ஓம் தடையே மூன்றரை வோல்ட்டைத் தின்றுவிட, பம்ப்புக்கு மிஞ்சுவது தோராயமாக எட்டரை வோல்ட். பம்ப் முனகும், சில சமயம் சுற்றும், அழுத்தம் தராது.

இன்னொரு ஓட்டையும் இதில் உண்டு. மீட்டரின் கருப்பு முனையைச் சட்டத்தில் சுரண்டிய பளபளப்பான இடத்தில் மாட்டுவது வழக்கம். அப்படி மாட்டியதும் பம்ப்பின் சொந்த எர்த் சோதனையிலிருந்தே விலகிவிடுகிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில், டேங்குக்கு அருகே சட்டத்தில் திருகியிருக்கும் எர்த் இணைப்புதான் முதலில் அரிக்கும். மூன்று வயர் கனெக்டரில் பம்ப்பும் பெட்ரோல் அளவு காட்டும் சென்டரும் ஒரே கருப்பு வயரை எர்த்தாகப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எர்த் கெட்டால் பம்ப் ஓடும்போதெல்லாம் டாஷ்போர்டில் முள் நிறைவுக் கோட்டை நோக்கித் தாவும். மீட்டரைத் தொடாமலேயே கிடைக்கும் நல்ல துப்பு இது, கவனிப்பவர் குறைவு.

தவறான தீர்ப்பு திருத்தப்படாமல் போவதற்கும் காரணம் உண்டு. பம்ப்பை மாற்றும்போது கனெக்டர் கழன்று மறுபடி மாட்டப்படுகிறது, எர்த் அசைகிறது, மாற்றுப் பம்ப்போடு புது கனெக்டரும் வயர்த் துண்டும் வருவதும் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பழைய பம்ப்பை யாரும் மேசையில் வைத்துச் சோதிப்பதில்லை. ஆக, இணைப்பைச் சரிசெய்ததால் வந்த குணம் பம்ப் மாற்றியதால் வந்ததாகப் பதிவாகிறது. சில மாதங்களில் புது பம்ப்பும் போய்விட்டால், கடையில் விற்ற பம்ப் தரமற்றது என்ற முடிவு தயாராக இருக்கும்.

டேங்கை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இதே பிழையின் உறவு. தேய்ந்த கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் தட்டினால் ஓடத் தொடங்கும் என்பது உண்மை. வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்கும் கைமருந்தாக அதற்கு மதிப்பு உண்டு. நோயறியும் முறையாகப் பார்த்தால் மதிப்பு குறைவு. தட்டின அதிர்வு கனெக்டரையும் ஆட்டியிருக்கும். எது எழுப்பியது என்று தெரியாது.

இந்த வண்டிகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் ஆயில் பிரஷர் சுவிட்ச். ரிலேக்கு இணையாக அது மாட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஆயில் அழுத்தம் சுமார் 4 பிஎஸ்ஐ எட்டினால் மூடிக்கொண்டு பம்ப்புக்குக் கரண்ட் தரும். ரிலே செத்தாலும் வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. விளைவு, ரிலே போனதே தெரிவதில்லை. காலையில் சற்று நேரம் கூடுதலாகக் கிராங்க் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று உரிமையாளர் பழகிவிடுவார். பம்ப்பின் முழுக் கரண்டையும் தாங்கித் தாங்கி சுவிட்சின் தொடுமுனை ஒருநாள் கருகும். அன்று வண்டி திடீரென நிற்கும். நின்றது அன்றுதான் என்றாலும் ரிலே போய் நாளாகியிருக்கும். ஸ்டார்ட் ஆகக் கூடுதல் நேரம் பிடித்ததா என்ற ஒரு கேள்வி இங்கே மீட்டரைவிட அதிகம் சொல்லும்.

ரிலேக்கு அருகே, பயணி பக்க ஃபயர்வாலில், எதிலும் மாட்டாமல் தொங்கும் ஒற்றைச் சிவப்பு வயரைப் பல வண்டிகளில் காணலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயரால் அதற்குக் கரண்ட் கொடுத்தால் ரிலே, கம்ப்யூட்டர், சுவிட்ச் மூன்றையும் தாண்டிப் பம்ப் நேராக ஓடும். 2 விநாடிக் கெடு இங்கே இல்லை என்பதால், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் இழப்பை அளக்க முடிகிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கனெக்டரின் சாம்பல் வயர் வரை ஒரு அளவு, கனெக்டரின் கருப்பு வயரிலிருந்து பேட்டரி மைனஸ் வரை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. சிவப்பு வயர் வழியே போவதால் ரிலேயின் தொடுமுனைகள் இந்த அளவில் அடங்கா; அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல் பின்புறமாக ஊசி முனையைச் செருகி அளப்பதால், கைக்கு எட்டாத டேங்க் மேல்புறத்தில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடம் என்பதால் ஜம்பர் வயரை டேங்கின் அருகே தொட்டெடுக்கக் கூடாது. தீப்பொறி பறக்கும் இணைப்பு எப்போதும் எஞ்சின் பக்கமே இருக்க வேண்டும்.

அது முடியாதபோது பம்ப்புக்குப் பதிலாகப் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை டேங்க் கனெக்டரின் சாம்பல், கருப்பு வயர்களுக்கு நடுவே மாட்டலாம். அது இழுக்கும் நாலரை ஆம்பியர் பம்ப்பின் சுமைக்கு நெருக்கமானது. பளிச்சென எரிந்தால் எர்த் உட்பட வயரிங் நலம். கால் ஆம்பியர் மட்டுமே இழுக்கும் சிறு டெஸ்ட் லாம்ப் இதற்குப் போதாது. 1 ஓம் தடையில் அது இழப்பது கால் வோல்ட்தான். வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

க்ளாம்ப் மீட்டரை அந்தச் சிவப்பு வயரில் மாட்டிக் கரண்டை அளப்பது டேங்கைத் தொடாமலேயே இன்னும் ஆழம் போகும். கரண்ட் மிகக் குறைவு என்றால் வழியில் தடை அல்லது சுமையின்றிச் சுற்றும் பம்ப். மிக அதிகம் என்றால் இறுகும் மோட்டார் அல்லது அடைபட்ட ஃபில்டர். ஆஸிலாஸ்கோப் இருந்தால் கம்யூட்டேட்டர் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மேடாகத் திரையில் தெரியும். தேய்ந்த பட்டை இருக்குமிடத்தில் மேடு உடையும். ஆஸிலாஸ்கோப் வாங்கும் செலவில் சில பம்ப்புகளை வாங்கிவிடலாம் என்பதால், சொந்த வண்டியைத் தானே பார்ப்பவர் அதன் பக்கம் போவதில்லை. அதில் தவறும் இல்லை.

மின் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: சுற்றும் பம்ப் அழுத்தம் தருகிறதா? 1995 வரையிலான வண்டிகளில் அழுத்தம் அளக்கும் வால்வு கிடையாது. பெட்ரோல் குழாயைக் கழற்றி நடுவே கேஜை மாட்ட வேண்டும். அதனாலேயே இந்தச் சோதனை பெரும்பாலும் விடுபட்டது. 1996இல் வந்த வோர்டெக் எஞ்சின்களில் வால்வு உண்டு, தேவையும் அதற்கேற்ப உயர்ந்தது: 60 பிஎஸ்ஐ அளவில் அழுத்தம் வேண்டும், 55க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே மறுக்கக்கூடும். பழைய வண்டியில் சாவியைத் திருப்பியதும் கேட்கும் ஹம் ஓசையை நம்பிப் பழகியவர்கள் வோர்டெக் வண்டியிலும் அதையே நம்பி, 50 பிஎஸ்ஐ தரும் பம்ப்பை நல்லதென்று விட்டுவிட்டு இக்னிஷனில் போய்த் தேடுகிறார்கள்.