ஒளிவட்டத்தில் அரபெழுத்து

ஐரோப்பிய ஓவியர் தாய்மைக்கு உருவம் கொடுக்க முனைந்த நூற்றாண்டுகளில் பெரிதும் நாடியது ஹஸ்ரத் மர்யம் (அலை) அவர்களையே. அன்னாரை உருவில் வரைதல் நமக்கு உடன்பாடன்று. எனினும் பிறர் தீட்டிய ஓவியத்தில் நம் கண்ணுக்கு உறவான ஒன்று தென்படுமாயின் அதனை ஆராயாதிருத்தல் குறையாகும்.

அந்த ஒன்று அரபெழுத்து. பிளாரன்ஸ் நகரச் செல்வர் பல்லா ஸ்ட்ரோஸ்ஸிக்காக ஜென்டிலே தா ஃபாப்ரியானோ என்பார் 1423இல் தீட்டிய 'ஞானியர் வணக்கம்' இன்று அந்நகரின் உஃபீஸி கலைக்கூடத்தில் உள்ளது. அதில் அன்னையின் தலையைச் சூழ்ந்த பொன்வட்டத்தில் அலிபும் லாமும் போன்ற கோடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இடையிடையே பூவட்டங்கள் அவற்றைப் பிரிக்கின்றன. மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலும் ஷாமிலும் செய்யப்பட்ட பித்தளைத் தட்டுகளின் அமைப்பு இது. வணிகர் கொணர்ந்த தட்டும் பட்டும் ஓவியருக்கு முன்மாதிரியாயின. கீழ்நாட்டு எழுத்தாதலின், அன்னை வாழ்ந்த புனித பூமியின் எழுத்தென்று கருதினர் போலும்.

இதனைக் கண்டு பெருமிதம் கொள்வார் நம்மிடையே உளர். மஸாச்சோ 1422இல் வரைந்த சான் ஜோவெனாலே பலகை ஓவியத்தின் ஒளிவட்டத்தில் கலிமாவே பின்முன்னாக எழுதப்பட்டுள்ளதென வாசித்தோரும் உண்டு. அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஓதத் தெரியாதவர் பொருளறியாது வரைந்த எழுத்து அந்த மொழிக்குச் செய்த மரியாதை ஆகுமா? சேலையின் சரிகைக் கரைக்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அன்னையின் பெயராலேயே வழங்குவது. அங்கே பிரசவ வேதனை அவரைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. அருகில் துணையாக ஒரு பெண்ணும் இல்லை. மரணமே மேலென ஏங்கும் அவருக்கு இறைவன் நீரும் கனியும் தந்து ஆறுதலளிக்கிறான். பின்னர் குழந்தையை ஏந்தியவராய் ஊராரின் பழிச்சொல்லுக்கு முன் வந்து நிற்கிறார். ஜென்டிலேயின் படத்திலோ முடிமன்னர் வணங்குகின்றனர். பணிப்பெண்டிர் பின்னே நின்று பரிசுப் பொருளைத் திறந்து பார்க்கின்றனர். செல்வர் வீட்டுச் சிறப்பெல்லாம் உண்டு. அந்த மரத்தடியின் தனிமை இல்லை.

ஆயினும் நடுநிலை தவறலாகாது. மஸாச்சோ அப்போது 20 வயது இளைஞர். அவர் படத்தில் குழந்தை ஒரு கையில் திராட்சைக் குலையைப் பற்றி, மறு கை விரல்களை வாயிலிட்டுச் சுவைக்கிறது. அன்னையின் கைகள் அதனைத் தாங்குகின்றன. எந்த நாட்டுத் தாயும் அறிந்த கைகள் அவை. நம் எழுத்தைத் தேடி அப்படத்தை நாடுவோர் ஒளிவட்டத்தினின்று பார்வையைச் சற்றே தாழ்த்தி அந்தக் கைகளையும் காண்பாராக.